மணி மூன்று நிமிடம் அடித்ததாகக் கருதப்படும்

"ஏதோ கேக்க வந்தீங்களே?"

"இல்லையே."

"வாயைத் திறந்தீங்க."

"கொட்டாவி."

"என் முகத்தைப் பார்த்துக்கிட்டே வர்ற கொட்டாவியா? கேக்க வேண்டியதை வாயால கேளுங்க. இல்லாட்டி வீட்டுக்குப் போய் பேப்பர்ல எழுதுவீங்க. பேப்பர்ல கேட்டா பேப்பர்தான் பதில் சொல்லும்."

பதினொரு வருடங்களுக்கு முன்பு, கல்யாணமான ஒன்பதாம் நாள், ரயில் ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்த பேச்சு இது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் கடலோர ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் நர்ஸ். வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தலைநகரத்துச் சட்டசபையில் மணியடிப்பவர். ரயில் கிளம்பியது. அவர் வீட்டுக்குப் போய், அவள் சொன்னது போலவே, பேப்பரில் எழுதினார். எழுதியது ஒன்று, ஜன்னலோரம் கேட்க நினைத்தது வேறு ஒன்று. நினைத்ததைக் கேட்க முடியாததற்கு அவருடைய வேலைதான் காரணம்.

சபையில் எல்லோரும் அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். எந்தச் சட்டத்தையும் வாக்கெடுப்புக்கு விடுவதற்கு முன்னால் முழுதாக மூன்று நிமிடம் மணி அடிக்க வேண்டும் என்பது சபை விதி. கேன்டீனில் இருப்பவர்கள், நூலகத்தில் தூங்குபவர்கள், கழிப்பறையில் அரசியல் பேசுபவர்கள் எல்லோரும் அந்த மூன்று நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும். மணி நின்றதும் கதவுகள் பூட்டப்படும். அப்புறம் வாக்கு. மண்டபத்துக்குக் கீழே, ஜன்னலில்லாத சின்ன அறையில், சுவரில் பதித்த சிவப்புப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் மணிக்காரரின் உத்தியோகம். விரலை எடுத்தால் மணி நின்றுவிடும். "இந்த நாட்டுல எந்தச் சட்டமும் என் விரலைத் தாண்டித்தான் போகணும்" என்று அவர் கல்யாணத்துக்கு முன்பே மாமனாரிடம் சொல்லியிருந்தார். மாமனார் அந்த விரலை மரியாதையாகப் பார்த்தார். அப்பேர்ப்பட்ட விரல் தலைநகரத்தை விட்டு எங்கே நகரும்? மனைவியைத்தான் இங்கே வரவழைக்க வேண்டும். எனவே மனு.

அந்த அறையில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. அது நின்று ஒன்பது வருடமாகிறது. கடிகாரம் பொதுப்பணித் துறைக்குச் சொந்தம், அதில் ஓடும் நேரம் சபைச் செயலகத்துக்குச் சொந்தம், ஆகவே யார் பழுது பார்ப்பது என்ற கேள்வி கோப்பில் உறங்கிக்கொண்டிருந்தது. சொந்தக் கடிகாரமும் கைபேசியும் கொண்டுவரத் தடை. தனியார் நேரத்துக்கு அங்கே அங்கீகாரம் கிடையாது. மணிக்காரர் இதற்கெல்லாம் அசரவில்லை. கடிகாரம் ஓடிய காலத்திலேயே அவர் ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மனைவியின் இடமாற்ற மனுவை "மதிப்பிற்குரிய ஐயா" முதல் "தங்கள் உண்மையுள்ள" வரை மனதுக்குள் நிதானமாகச் சொன்னால் சரியாக மூன்று நிமிடம். ஒரு விநாடி கூடாது, குறையாது.

அப்படியாக ஒன்பது வருடங்களில் முந்நூற்றுச் சொச்சம் சட்டங்கள் அந்த மனுவின் மீது ஏறி நிறைவேறின. மீன்பிடிச் சட்டம், எடை அளவைச் சட்டம், பல்கலைக்கழகத் திருத்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் அடியில், கேட்காத குரலில், ஒரு மனிதர் தன் பெண்டாட்டியைத் தன்னோடு சேர்த்து வைக்கும்படி அரசாங்கத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை "தலைநகரில் தகுந்த பணியிடம் காலியில்லை" என்று பதில் போட்டது. மாதம் ஒருமுறை இரண்டு நாள் விசேஷ அனுமதி விடுப்பு மட்டும் கொடுத்தது. மாதக் கடைசியில் மணிக்காரர் ரயிலேறிப் போய் மனைவி கையால் சாப்பிட்டுவிட்டு, அவள் வீட்டுக் குழாய் ஒழுகலைச் சரிசெய்துவிட்டு வருவார்.

இந்த வருடம் கதை மாறியது. பட்ஜெட் மசோதாவின் பின்னிணைப்பில், அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், "தலைநகர் பொது மருத்துவமனை: கூடுதல் நர்ஸ், ஒன்று" என்று அச்சாகியிருந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அவர் மனைவியுடையது. கேன்டீன்காரர்தான் அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துவந்து காட்டினார். "அண்ணே, இனிமே மதியத்துக்கு என் கடைப் பக்கம் வரமாட்டீங்க" என்று சொல்லி, ஒரு டீயை இலவசமாகவும் வருத்தமாகவும் கொடுத்தார்.

பட்ஜெட் வாக்கெடுப்பு நாளன்று மணிக்காரர் பொத்தானை அழுத்தினார். வழக்கம்போல மனுவைத் தொடங்கினார். மதிப்பிற்குரிய ஐயா. கீழே கையொப்பமிட்டவனாகிய நான். என் மனைவி மேற்படி மருத்துவமனையில். வயதான பெற்றோர் இரு தரப்பிலும். வாக்கியங்கள் வரிசையாக வந்து போயின. மனு முடிந்தது, விரலை எடுத்தார். மேலே கதவுகள் பூட்டப்படும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பட்ஜெட் நிறைவேறியது. அவர் வெளியே வந்து கேன்டீன்காரரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

எதிர்க்கட்சியில் கனத்த உடம்புள்ள ஓர் உறுப்பினர் இருந்தார். மணி தொடங்கியதும் கேன்டீனில் கடைசி வாய் டீயைக் குடித்து, முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்து, மாடிப்படி ஏறிக் கதவுக்குள் நுழைய அவருக்கு இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி ஆகும். நான்கு தேர்தல்களாக அப்படித்தான். அன்று கடைசிப் படியில் கால் வைக்கும்போது கதவு அவர் மூக்குக்கு நேரே சாத்திக்கொண்டது. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். மணி குறைவாக அடித்தது, வாக்கெடுப்பு செல்லாது, ஆகவே பட்ஜெட் சட்டமே இல்லை என்றார். ஒலிப்பதிவை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

வழக்கு மூன்று நீதிபதிகள் முன்னால் வந்தது. தலைமை நீதிபதி முதல் நாளே ஒரு சிக்கலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்தப் பட்ஜெட் செல்லாதுன்னா, அதுல வர்ற எங்க சம்பளமும் செல்லாது, பதவியும் செல்லாது. செல்லாத நீதிபதி 'செல்லாது'ன்னு சொன்னா அது எப்படிச் செல்லும்? சரி, செல்லும்னு சொல்லலாம்னா, சம்பளத்துக்காகச் சொன்னோம்னு ஆயிடும்."

நீதியின் மாண்பைக் காப்பாற்ற, தீர்ப்பு வரும்வரை நீதிமன்றம் அரசாங்கப் பொருள் எதையும் தொடுவதில்லை என்று முடிவானது. நாற்காலிகள் அரசாங்கத்துடையவை என்பதால் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். தலைமை நீதிபதி சாய்வு நாற்காலி கொண்டுவந்தார். முக்கியமான வாதங்களின்போது அவருடைய செருப்புதான் வக்கீல்களுக்குத் தெரிந்தது. இரண்டாமவர் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாமவர் வீட்டில் உறவினர் வந்திருந்ததால் பேத்தியின் எழுதுமேஜை நாற்காலிதான் மிஞ்சியது. அதில் உட்கார்ந்தால் முழங்கால்கள் தாடையைத் தொட்டன. மின்விசிறி நிறுத்தப்பட்டது. கட்சிக்காரர்களை அழைக்கும் சேவகர், தன் குரலும் பட்ஜெட்டைச் சேர்ந்ததுதானே என்று பணிவோடு வாயை மூடிக்கொண்டார்.

அரசு வக்கீல் இரண்டு நாள் பேசினார். ஜனநாயகத்தின் மணி காதில் ஒலிப்பதைவிட நெஞ்சில் ஒலிப்பதே முக்கியம் என்றார். மணி குறைவாக அடித்தது என்பதே தவறான பார்வை. மணி சரியாகத்தான் அடித்தது, மூன்று நிமிடம்தான் இருபது விநாடி அதிகமாக இருந்தது என்று நிறுவினார். இரண்டாவது நீதிபதி அதைக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். பேனா அரசாங்கத்துடையது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

கடைசியில் தலைமை நீதிபதி சொன்னார்: "இந்த நீதிமன்றம் இருக்கா இல்லையான்னு தெரியிறவரைக்கும் எதுவும் சொல்றதுக்கில்லை. நான் இப்போ சொன்னதையும் சொன்னதா எடுத்துக்க வேண்டாம்."

இதற்குள் நாடு முழுக்க ஒரு ரப்பர் முத்திரை பரவியிருந்தது. அரசாங்கம் செய்யும் ஒவ்வொரு காரியத்தின் மீதும் "பட்ஜெட் வழக்கின் இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது" என்று குத்த வேண்டும் என உத்தரவு. ஒரு நாள் மாலை மனைவி தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

"ஒரு பெரியவர் ஊசி போட்டுக்கிட்டு சீட்டைப் படிச்சுப் பார்க்கிறார். 'தீர்ப்பு மாறிப்போச்சுன்னா மருந்தைத் திருப்பித் தரணுமா சிஸ்டர்?'னு கேக்கிறார். இரட்டைக் குழந்தை ஒண்ணு பொறந்துச்சு. ரெண்டோட பிறப்புச் சான்றிதழ்லயும் அதே முத்திரை. அவங்க அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஒண்ணாவது நிச்சயம்தானே'ங்கிறார்."

மணிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாம் என்னாலதான்" என்றார்.

"உங்களாலயா? அரசாங்கத்தையே கவுத்த ஆளை நான் கட்டியிருக்கேனா? எங்க அப்பாகிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவார்."

"எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல. மனுவை முழுசாத்தான் சொன்னேன்."

"எந்த மனுவை?" என்றாள் அவள். இத்தனை வருடத்தில் அதை மட்டும் அவர் மனைவியிடம் சொன்னதில்லை. மணியை எதை வைத்து அளக்கிறார் என்பது அவருடைய அறையின் ரகசியம். பேச்சை மாற்றிக் குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார்.

சபை தன் பங்குக்கு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர், சபைச் செயலாளர். முப்பது வருடமாக ஒரு விதியையும் மீறாமல், ஒரு காரியத்தையும் செய்யாமல் இருந்தவர். மணியை மறுபடி அடித்துப் பார்ப்பது என்று குழு தீர்மானித்தது.

மணிக்காரர் பொத்தானை அழுத்தினார். மணிச் சத்தம் கேட்டதும், பழக்க தோஷத்தில், உறுப்பினர்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஓடி வந்து மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கதவுகள் பூட்டப்பட்டன. பூட்டியபின் சபை முன் இருப்பதை வாக்குக்கு விட்டே ஆக வேண்டும் என்பது விதி. சபாநாயகர் தன் மேஜையைத் துழாவினார். "கறுப்புக் குடை ஒன்று காணவில்லை, கண்டெடுத்தவர் பதினான்காம் அறையில் கொடுக்கவும்" என்ற அறிவிப்புத் தாள்தான் இருந்தது. அது காரசாரமான விவாதத்துக்குப் பின், "கறுப்பு அல்லது கருநீலம்" என்ற எதிர்க்கட்சித் திருத்தத்தோடு, நாடு முழுமைக்குமான சட்டமாக நிறைவேறியது. மறுநாள் குடை கிடைத்துவிட்டது. அதை ரத்து செய்ய இன்னொரு மணி அடிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் செயலாளர் மணிக்காரரையே கூப்பிட்டு உட்கார வைத்தார். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார். மணிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, மனுவைப் பற்றிச் சொன்னார்.

"அன்னைக்குச் சொன்ன மாதிரியே இப்போ வாய்விட்டுச் சொல்லுங்க" என்று செயலாளர் நிறுத்துகடிகாரத்தை எடுத்தார்.

மணிக்காரர் சொன்னார். மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்து, தங்கள் உண்மையுள்ள என்று முடித்தார். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. செயலாளர் கையில் மூல மனு இருந்தது; விரலால் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தவர் கடைசிப் பத்தியில் நிறுத்தினார்.

"இதை விட்டுட்டீங்களே."

மணிக்காரர் எட்டிப் பார்த்தார். 'ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, நானும் என் மனைவியும் ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ், மற்றவர்களைப் போல வாழ்வதற்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்ற பத்தி. அவர் முகம் மெல்ல மாறியது.

"அது வேண்டுகோள் ஐயா. அன்னைக்கு அவளுக்கான இடம் பட்ஜெட்லயே வந்துடுச்சு. அதனால கேக்கத் தோணல போல."

குழுவில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். செயலாளர் மட்டும் அசையாமல், "சட்டம் நிறைவேறும் முன்பே அது நிறைவேறியதாக எண்ணி மகிழ்ந்தது" என்று குற்றத்தை எழுதினார். எழுதியவர் யோசித்துவிட்டு, அமைச்சரவை முழுவதும் வருடாவருடம் செய்யும் காரியம் அதுதான் என்பதால் அடித்துவிட்டார்.

கடைசியில் நிதியமைச்சரே ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய தேதியிட்டு ஒரு புதிய சட்டம். சபையில் அவர் எழுந்து நின்று பேசியதை மணிக்காரர் தன் அறை ஒலிபெருக்கியில் கேட்டார்.

"சட்டத்தின் வேலை நடந்ததைச் சொல்வதல்ல. அதற்குச் செய்தித்தாள் இருக்கிறது. நடந்திருக்க வேண்டியதைச் சொல்வதே சட்டம். எங்கள் ஆட்சியில் நடந்திருக்க வேண்டியவை அனைத்தும் நடந்திருக்கின்றன என்பதை இந்த மசோதா உறுதி செய்கிறது."

மூன்றே பிரிவுகள். ஒன்று: பட்ஜெட் நாளன்று மணி மூன்று நிமிடம் அடித்ததாகக் கருதப்படும். இரண்டு: அந்தப் பட்ஜெட்டின்படி யார் யார் எங்கெங்கே இருந்திருக்க வேண்டுமோ, அவர்கள் நிதியாண்டின் முதல் நாளிலிருந்தே அங்கே இருப்பதாகக் கருதப்படும். மூன்று: இந்தச் சட்டத்துக்கான மணியும் அடித்ததாகக் கருதப்படும்.

மூன்றாவது பிரிவு செயலாளரின் முன்யோசனை. திரும்பவும் விரலை நம்ப அவர் தயாராக இல்லை. மணிக்காரர் விரலை நீட்டிக்கொண்டு பொத்தானுக்கு முன்னால் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. தலைக்கு மேலே கதவுகள் பூட்டும் சத்தம், பிறகு கைதட்டல். இருபத்திரண்டு வருட உத்தியோகத்தில் முதல் முறையாக ஒரு சட்டம் அவருடைய விரலைத் தொடாமலே போயிற்று. கனத்த உறுப்பினருக்கும் இனி மனக்குறை இல்லை. அவர் கேன்டீனில் உட்கார்ந்தபடியே உள்ளே இருந்ததாகக் கருதப்பட்டார்.

ஒரு வாரம் கழித்து மணிக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிவு இரண்டின்படி, அவர் மனைவி நான்கு மாதங்களாகத் தலைநகர மருத்துவமனையில் பணியாற்றி, கணவரோடு அரசுக் குடியிருப்பில் வசித்து வருவதாகக் கருதப்படுகிறார். ஏற்கெனவே வந்துவிட்ட ஒருவரை வரச் சொல்லி உத்தரவு போட விதியில் இடமில்லை. ஆகவே இடமாற்ற ஆணை எதுவும் வெளியிடப்படாது. மனு தீர்க்கப்பட்டதாக முடிக்கப்படுகிறது. மேலும், மனைவி உடனிருப்பதால், அவரைப் பார்த்து வருவதற்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட இரண்டு நாள் விடுப்பு இதன்மூலம் ரத்து செய்யப்படுகிறது.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு தம்ளர், கொடியில் ஒருத்தர் துணி. மறுநாள் குடியிருப்பு ஆய்வாளர் வந்து, இருவர் வசிக்கும் வீட்டில் ஒரு தலையணைதான் இருக்கிறது என்று குறை எழுதிவிட்டுப் போனார்.

"என்னை அங்க வச்சுட்டாங்களாமே" என்றாள் மனைவி தொலைபேசியில். "இங்க என் இடம் காலின்னு போர்டு மாட்டிட்டாங்க. நான் இல்லாத ஆளா வேலை செய்யறேன். வரிசை மட்டும் குறையல. ஆமா, அங்க நான் சமைக்கிறேனா? நல்லா சமைக்கிறேனா?"

அவர் வாயைத் திறந்தார்.

"என்னங்க?"

"கொட்டாவி" என்றார். போனை வைத்தார்.

அப்புறம் வெகு நேரம் தன் வலது கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடிக்காமலே அடித்ததாக ஆகும். மனைவி வராமலே வந்ததாக ஆகும். பதினொரு வருடமாக எந்த விரலுக்காக அந்த ஒரு வார்த்தையை விழுங்கினாரோ, அந்த விரல் இல்லாமலே நாடு நடக்கிறது. ஒரு தாளை எடுத்து இரண்டே வரி எழுதினார். இதுதான் அவர் எழுதிய கடைசிப் பேப்பர்.

செயலாளர் அதைப் படித்தார். 'நாளை முதல் நான் மணியறையில் இருப்பதாகக் கருதும்படி தெரிவித்துக்கொள்கிறேன். மணியும் வழக்கம்போல அடித்ததாகக் கருதவும்.' கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்றார், துக்கமாக.

கேன்டீன்காரர் வாசல்வரை வந்து, "அண்ணே, மதிய டீக்கு வந்ததாக் கருதிக்கிறேன்" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணிக்காரர் கடலோர ஊரில் இறங்கினார். கையில் ஒரு பையும் ஒரு தலையணையும். மருத்துவமனையில் புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. நேரே உள்ளே போயிருக்கலாம். இத்தனை வருடம் வரிசையில் நின்ற மனிதருக்கு அது தோன்றவில்லை. சீட்டு வாங்கினார். அதில் முத்திரை குத்தினார்கள். எண் முப்பத்தேழு. முன்னால் நின்ற பெரியவர் தலையணையைப் பார்த்து, "அட்மிஷனா?" என்று விசாரித்தார். "தெரியல. கேட்டுப் பார்க்கணும்" என்றார் மணிக்காரர்.

வரிசை நகர்ந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே, 'இவ்விடம் நர்ஸ் பணியிடம் காலியாக உள்ளது' என்ற பலகை காற்றில் ஆடியது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பத்தேழு. சொல்லுங்க, என்ன பண்ணுது?" என்றாள் அவள், நிமிராமல்.

பதில் வரவில்லை. அவள் நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், அவர் வாய் திறந்திருப்பதையும் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். பின்னால் முப்பத்தெட்டாம் எண்காரர் இருமினார். அவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். மூன்று நிமிடமானாலும் காத்திருப்பாள் போலிருந்தது.

"இது மனுவுல இல்லாதது" என்றார் மணிக்காரர். பிறகு வரிசை முழுவதும் கேட்கும்படி சொன்னார்:

"நான் உன்கூட இங்கயே வந்து இருந்துடட்டுமா?"